ஓமவல்லி வாசம் என்ன வேலை செய்கிறது?



ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையில் எந்தத் தெருவுக்குள் போனாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஓமவல்லி நிற்கும். பழைய பெயின்ட் வாளியில் இருக்கும், இல்லாவிட்டால் உடைந்த குடத்தில் இருக்கும். சிலர் அதைக் கற்பூரவல்லி என்பார்கள். இரண்டும் ஒரே செடிதான். தடித்த இலை, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும். சளி பிடித்தால் ஆயா அந்த இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பார். மழை நாளில் அம்மா அதையே கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுவார்.

இன்று அந்தச் செடியை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்வோம், வாருங்கள். முதலில் இலையைத் தொடாமல் மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோங்கள். வாசம் லேசாகத்தான் வரும். அடுத்து, ஒரே ஒரு இலையைப் பறித்து விரல்களால் கசக்குங்கள். குப்பென்று வாசம் தூக்குகிறது அல்லவா?

இத்தனை நேரம் அந்த வாசம் எங்கே இருந்தது? கசக்கிய பிறகு மட்டும் ஏன் வந்தது?

இந்தக் கேள்வி நான் கேட்பதற்கு முன்பே உங்களுக்குத் தோன்றியிருந்தால், சபாஷ்! கையில் இருக்கும் பொருளைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் பின்னாளில் பெரிய பெரிய உண்மைகளைக் கண்டுபிடித்தார்கள். நீங்களும் அந்த வரிசையில் நிற்கிறீர்கள்.

எண்ணெய் இருக்கும் இடம்

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு ஓமவல்லி இலையை அதில் வைத்துப் பாருங்கள். இலை முழுக்க மெல்லிய முடிகள் தெரியும். பல முடிகள் கூராக நீண்டிருக்கும். வேறு சில குட்டையாக இருக்கும், நுனி மட்டும் உருண்டு பளபளக்கும். இந்த உருண்டை நுனி கொண்டவற்றுக்குச் சுரப்பி முடிகள் என்று பெயர்.

செடி தன் வாசனை எண்ணெயைத் தயாரித்துச் சேர்த்து வைக்கும் இடம் அதுதான். எண்ணெயைச் சுற்றி மிக மெல்லிய தோல் மூடியிருக்கிறது. நீங்கள் கசக்கும்போது அந்தத் தோல் கிழிகிறது. எண்ணெய் வெளியே வந்து காற்றில் ஆவியாகிறது. அதன் மூலக்கூறுகள் உங்கள் மூக்குக்குள் போகின்றன. அதைத்தான் வாசம் என்கிறோம்.

செடி ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? யோசித்துப் பாருங்கள். பூச்சி கடிக்க வந்தால் செடியால் ஓட முடியாது. பூஞ்சை தொற்றினால் மருந்துக் கடைக்குப் போக முடியாது. நின்ற இடத்திலேயே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தாவரங்கள் பலவிதமான வேதிப்பொருள்களைத் தாங்களே தயாரிக்கின்றன. இலையைக் கடிக்கிற பூச்சியின் வாயில் முதலில் படுவது இந்த எண்ணெய்தான்.

இந்தச் செடி ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் வறண்ட புதர்க்காடுகளில் தானாகவே வளர்கிறது. போர்ச்சுகல் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லூரெய்ரோ 1790-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று உலகில் வெயில் காயும் நாடுகள் பலவற்றில் இது வளர்கிறது. கியூபாவில் குழம்புக்கு மணம் சேர்க்கப் போடுகிறார்கள். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இதன் இலையில் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஆயா தருவது சாறு, அங்கே சூப். இலை ஒன்றுதான்!

எண்ணெயை எப்படிப் பிரிப்பது?

ஆய்வுக்கூடத்தில் இலைகளைத் தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். மேலே எழும் நீராவி எண்ணெயையும் ஆவியாகச் சேர்த்துக்கொண்டு போகும். அந்த ஆவியை ஒரு குழாய் வழியாக விட்டுக் குளிர வைப்பார்கள். தண்ணீர் கீழே தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அதை மட்டும் தனியே எடுத்துக்கொள்வார்கள். இந்த முறைக்கு வாலை வடித்தல் என்று பெயர்.

நிறைய எண்ணெய் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 100 கிராம் பச்சை இலையில் ஒரு கிராம் எண்ணெய்கூடத் தேறாது. இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். இந்த அளவை மறக்காதீர்கள், பிறகு இது நமக்கு வேண்டும்.

அந்தத் துளி எண்ணெயிலும் ஒரே பொருள் இல்லை, பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு. கூடவே பாரா-சைமீன், காமா-டெர்பினீன், காரியோஃபில்லீன் ஆகியவையும் உண்டு. சில செடிகளில் கார்வக்ரால் அதிகம் இருக்கும், சிலவற்றில் தைமால் அதிகம் இருக்கும். செடியின் வகை, மண், வெயில், பறிக்கும் பருவம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

பெயர்கள் கடினமாக இருக்கின்றனவா? கவலை வேண்டாம். கார்வக்ரால், தைமால் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள், போதும்.

நோட்டை எடுங்கள், வரையலாம்

ஒரு அறுகோணம் வரையுங்கள். ஆறு மூலைகளுக்கும் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கார்பன் அணு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1-ஆம் மூலையிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்து ஒரு கார்பனை ஒட்டுங்கள். அதற்கு நேர் எதிரே இருக்கும் 4-ஆம் மூலையில் மூன்று கார்பன் கொண்ட ஒரு கிளையை ஒட்டுங்கள். மொத்தம் எத்தனை கார்பன் ஆயிற்று? ஆறும் ஒன்றும் மூன்றும் சேர்த்துப் பத்து. நீங்கள் வரைந்திருப்பது பாரா-சைமீன்.

இனி, ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் குழுவை 2-ஆம் மூலையில் ஒட்டுங்கள். கார்வக்ரால் வந்துவிட்டது! அதை அங்கிருந்து அழித்து 3-ஆம் மூலையில் ஒட்டினால் அது தைமால்.

கவனித்தீர்களா? இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அணுக்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. ஒரே ஒரு குழு ஒரு மூலை தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒரு மூலை செய்யும் மாயத்தைப் பாருங்கள். தைமால் வெள்ளைப் படிகம். அது உருக ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயில்கூட அதற்குப் போதாது. கார்வக்ராலோ 1 டிகிரி அளவிலேயே உருகிவிடும். அதனால் சென்னையில் அது எப்போதும் எண்ணெயாகத்தான் இருக்கும்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஓமத்தை எடுத்து உள்ளங்கையில் கசக்கி முகருங்கள். ஓமவல்லி வாசத்துக்கு மிகவும் நெருங்கிய வாசம்! காரணம், ஓமத்தின் எண்ணெயில் தைமால் நிறைய இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டும் உறவுச் செடிகள் அல்ல. ஓமவல்லி துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. ஓமம் கொத்தமல்லி, சீரகம் குடும்பத்தைச் சேர்ந்தது. வெவ்வேறு குடும்பத்துச் செடிகள் தனித்தனியாக ஒரே பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கின்றன!

சென்னைத் துறைமுகத்தில் ஒரு இரவு

இந்தத் தைமாலுக்கும் நம் துறைமுகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சொல்கிறேன், கேளுங்கள்.

1914, செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலுக்குள் வந்து, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு போட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. முதல் உலகப் போர் நம் கரைக்கே வந்துவிட்டது.

அந்தப் போருக்கு முன்பு வரை இந்தியாவிலிருந்து ஓமம் கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அதிலிருந்து தைமாலை எடுத்து உலகத்துக்கே விற்றார்கள். கொக்கிப்புழுவால் ரத்தம் குறைந்து வாடியவர்களுக்கு அந்தக் காலத்தில் தைமால்தான் முக்கியமான மருந்து. போர் மூண்டதும் ஜெர்மனியோடு வியாபாரம் நின்றுவிட்டது. விளைவது நம் நிலத்தில், மருந்து ஆவதோ இன்னொரு நாட்டில் என்று இருந்தால் என்ன ஆகும் என்பது அப்போது எல்லாருக்கும் உறைத்தது. இந்தியாவிலேயே ஓமத்திலிருந்து தைமால் எடுக்கும் வேலை தொடங்கியது.

அதே காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஜான் லயனல் சைமன்சன் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். இந்தியச் செடிகளின் வாசனை எண்ணெய்களை ஆராய்ந்தவர். இந்த வகைப் பொருள்களுக்கு டெர்பீன்கள் என்று பெயர். பின்னாளில் அவற்றைப் பற்றி அவர் எழுதிய நூலை உலகெங்கும் வேதியியலாளர்கள் படித்தார்கள். இந்திய அறிவியல் மாநாட்டைத் தொடங்கி வைத்த இருவரில் ஒருவரும் அவரே. கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியை அடுத்த முறை கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாக்டீரியாவை அது என்ன செய்கிறது?

இனிதான் முக்கியமான இடம். மெதுவாகப் போவோம்.

பாக்டீரியா மிகச் சிறிய உயிர். பலவகை பாக்டீரியாக்களின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதன் உடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நெருக்கி நின்று உண்டாக்கிய சவ்வு. உள்ளே இருக்க வேண்டியதை உள்ளேயும், வெளியே இருக்க வேண்டியதை வெளியேயும் நிறுத்துவது அதன் வேலை.

காசிமேட்டில் மரப்படகு செப்பனிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்துத் தட்டித் தட்டி அடைப்பார்கள். அடைப்பு நன்றாக இருந்தால் படகுக்குள் தண்ணீர் வராது. ஒன்றிரண்டு இடத்தில் தளர்ந்தால் கொஞ்சம் கசியும். படகில் இருப்பவர்கள் அதை இறைத்துக் கொட்டிச் சமாளிப்பார்கள். பல இடங்களில் ஒரே நேரத்தில் தளர்ந்தால்? இறைக்க இறைக்கக் கை ஓய்ந்துபோகும். கடைசியில் படகு மூழ்கும்.

பாக்டீரியாவுக்கும் இதுதான் நடக்கிறது. கார்வக்ரால் எண்ணெய்த் தன்மை உள்ளது. அதனால் தண்ணீரில் நிற்பதைவிடக் கொழுப்புச் சவ்வுக்குள் புகவே அதற்குப் பிடிக்கும். கொழுப்பு மூலக்கூறுகளின் இடுக்கில் நுழைந்து அவற்றின் நெருக்கத்தைத் தளர்த்துகிறது. சவ்வு கசியத் தொடங்குகிறது. உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருந்த ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே நுழைகின்றன. பாக்டீரியா தன் சக்தியைச் செலவிட்டு இதைச் சரிசெய்யப் பார்க்கும். கசிவு அதிகமானால் சக்தி தீர்ந்து இறந்துவிடும்.

நோட்டில் வரைந்த படத்தை இன்னொரு முறை பாருங்கள். இந்த வேலையில் ஹைட்ராக்சில் குழுவின் பங்கு பெரியது. அந்தக் குழு இல்லாத பாரா-சைமீனும் சவ்வுக்குள் புகும், சவ்வை உப்ப வைக்கும். ஆனால் தனியாகப் பாக்டீரியாவைக் கொல்வதில் அது மிகவும் பலவீனம். கார்வக்ராலோடு சேர்ந்தால் மட்டும், கார்வக்ரால் உள்ளே நுழைவதை எளிதாக்கும்.

அறுகோணத்தில் ஹைட்ராக்சில் குழுவை மட்டும் வைத்துவிட்டு மற்றக் கிளைகளை அழித்தால் கிடைப்பது ஃபீனால். எண்ணூரில் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறதே நிலக்கரி, அதிலிருந்து கிடைக்கும் தாரில் இது உண்டு. 1865-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் ஃபீனால் தோய்த்த துணியைக் கட்டினார். புண் சீழ் வைக்காமல் ஆறியது. அறுவைச் சிகிச்சையில் கிருமியைத் தடுக்கும் வழி அதன் பிறகு பரவியது. ஆனால் ஃபீனால் தோலைப் பொசுக்கும். அதைவிட மென்மையான தைமால் இன்றும் வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் இருக்கிறது.

இதுவரை தெளிவாக இருக்கிறதா? இல்லையென்றால் படகு இருக்கும் பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

"இலை கிருமியைக் கொல்லும்" என்று சொன்னால் போதுமா? காட்ட வேண்டாமா?

ஒரு தட்டையான கண்ணாடித் தட்டில் அகர் என்ற கூழை ஊற்றி உறைய வைப்பார்கள். நோன்புக் காலத்தில் மண்ணடி, ராயபுரம் வீடுகளில் கடல்பாசி என்று ஒரு இனிப்புச் செய்வார்கள், சாப்பிட்டிருக்கிறீர்களா? அதே அகர்தான். கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது. ராமேஸ்வரம், மண்டபம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி அந்தப் பாசியைச் சேகரிக்கிறார்கள்.

அந்தக் கூழின் மேல் பாக்டீரியாவைச் சீராகப் பூசுவார்கள். நடுவில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வட்டை எண்ணெயில் நனைத்து வைப்பார்கள். உடல் சூட்டுக்கு நெருக்கமான வெப்பத்தில் ஒரு நாள் விடுவார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்க பாக்டீரியா வளர்ந்து மங்கலாக இருக்கும். எண்ணெய் வேலை செய்திருந்தால் வட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் தெரியும். ஸ்கேலை வைத்து அதை அளப்பார்கள். நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய மருத்துவமனைகளிலும் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள்.

ஓமவல்லி எண்ணெயை இப்படிப் பல பாக்டீரியாக்களின் மேல் சோதித்திருக்கிறார்கள். தோலில் கொப்புளம் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் அவற்றில் ஒன்று. குடலில் வாழும் ஈ.கோலை இன்னொன்று. பொதுவாக முதல் வகை எளிதில் வீழ்கிறது. இரண்டாம் வகைக்குச் சவ்வுக்கு வெளியே இன்னொரு சவ்வும் இருப்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. இந்த இரு வகைகளையும் சாயம் ஏற்றிப் பிரித்துக் காட்டும் முறையை 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்டார்.

அப்படியானால் மருந்து வேண்டாமா?

நல்ல கேள்வி. இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: மருந்து வேண்டும்.

100 கிராம் இலையில் ஒரு கிராம் எண்ணெய்கூட இல்லை என்று பார்த்தோமே, நினைவிருக்கிறதா? தட்டில் பிரித்தெடுத்த எண்ணெய், கிருமியின் மேல் நேராகப் படுகிறது. நீங்கள் குடிப்பது ஒரு கரண்டிச் சாறு. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்கப் பரவினால் எவ்வளவு மிஞ்சும்? மிக மிகக் கொஞ்சம். சில கசிவுகளை மட்டும் உண்டாக்கினால் படகு மூழ்காது அல்லவா?

எண்ணெயை அப்படியே குடித்தால் என்ன என்று கேட்பீர்கள். கூடவே கூடாது! நம் உடல் செல்களுக்கும் கொழுப்புச் சவ்வுதான். அடர்த்தியான எண்ணெய் நம் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். பச்சை இலையை மென்றாலே நாக்கு சுருக்கென்கிறதே, கவனித்தீர்களா? சூட்டை உணர்வதற்காக நம் தோலிலும் நாக்கிலும் சில புரதங்கள் இருக்கின்றன. கார்வக்ரால் அவற்றைத் தூண்டிவிடுகிறது.

இன்னொன்று. சாதாரணச் சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ், பாக்டீரியா அல்ல. ஆயா தரும் சாறு தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆயாவின் அன்புக்கும் அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். வீட்டில் ஒரு வயது நிரம்பாத தம்பி பாப்பா இருந்தால், சாற்றில் தேன் கலந்து கொடுக்க விடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்து கைக்குழந்தைக்கு ஆபத்து.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. லாரித் தூசியும் கரித்தூளும் பறக்கும் சாலையோரத்தில் வளரும் இலையைப் பறித்துச் சாப்பிடாதீர்கள். இந்த இலையில் முடிகள் இருப்பதால் தூசி நன்றாக ஒட்டிக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் நல்ல மண்ணில் வளர்த்த இலையாக இருந்தாலும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

இந்தச் செடியை வளர்க்க விதை தேட வேண்டாம். வீட்டுத் தொட்டிகளில் இது பூப்பதே அபூர்வம். விரல் நீளத்தில் ஒரு தண்டைக் கிள்ளி ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் விட்டுவிடும். தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், தேங்கினால் அழுகிவிடும்.

இந்த வாரமே ஒரு தண்டை நட்டுவிடுங்கள். வேர் பிடித்ததும் உங்கள் வகுப்புத் தோழருக்கும் ஒன்று கொடுங்கள். யாராவது உங்களிடம் வந்து, "இந்த மூலிகை எல்லா நோயையும் போக்கும்" என்று சொன்னால் பணிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: அதில் இருக்கும் பொருள் எது? எவ்வளவு இருக்கிறது? எதில் சோதித்துப் பார்த்தார்கள், தட்டிலா, மனிதரிலா? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளையை யாராலும் ஏமாற்ற முடியாது.